கடைசியாத் தொட்டது யாருங்க?

ஏனுங்க, அந்த அட்டைப்பெட்டி மேல மட்டும் கால் படாமப் பாத்துக்கங்க. உள்ள பட்டுவேட்டி இருக்குது, சட்டை இருக்குது, பொண்ணுக்குச் சேலை இருக்குது. மேல கட்டியிருக்கற டப்பால அதிரசம். என்ற மாப்பிள்ளைக்கு இது தலைத்தீபாவளிங்க. நேர்ல போய் அழைக்கணுமில்லீங்களா, அதுக்குத்தான் உடுமலைப்பேட்டை போயிட்டிருக்கறேன்.

என்ன கேட்டீங்க? இத்தனை சாமானத்தத் தூக்கிட்டு பஸ்ல வர்றீங்களே, வண்டி கிண்டி இல்லீங்களான்னா? இருக்குதுங்க. கார் இருக்குது. ஜம்முனு இருக்குது. ஒரு கோளாறும் கிடையாது. அதனாலதான் பஸ்ல போறேன்.

சிரிக்காதீங்க. உங்களுக்கும் உடுமலைதானே? அப்ப சொல்றேன், கேளுங்க. யாருகிட்டயாவது ஒருக்காச் சொல்லிப் பாத்துட்டா அங்க போய் வாய் குழறாது பாருங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலும் கேக்கற மூஞ்சியாத்தான் இருக்குது.

எம் பேரு சென்னியப்பன். சிங்காநல்லூர்ப் பக்கம் வீடு. ஒரு ஸ்பின்னிங் மில்லுல முப்பத்திரண்டு வருஷம் சர்வீசு. எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனா ரிட்டயர் ஆனேன். மில்லுல ஒரு மோட்டாரு நின்னுபோச்சுன்னா மத்தவங்க என்ன பண்ணுவாங்க? டெஸ்டரைத் தேடுவாங்க, ஃபியூசப் புடுங்குவாங்க, குனிஞ்சு நிமிந்து வேர்த்துப் போவாங்க. நான் அப்படியில்லீங்க. ரெண்டு கையையும் பின்னாடி கட்டிட்டு, மெல்லப் போய் மோட்டாருக்கு முன்னால நிப்பேன். நின்னு ஒரே ஒரு கேள்வி கேப்பேன்.

"கடைசியாத் தொட்டது யாரு?"

அவ்வளவுதான். பாதிக் கோளாறு அந்தக் கேள்வியிலயே தீந்துரும். யாராவது ஒருத்தன் தலையச் சொறிவான். யாராவது ஒரு பொண்ணு முந்தானையப் புடிச்சுத் திருகும். அவங்களக் கூப்புட்டு நாலு வார்த்தை கேட்டா என்ன நடந்துதுன்னு தெரிஞ்சு போயிரும். அத பிரேக்டவுன் ரிப்போர்ட்டுல எழுதிருவேன். அதுல ஒரு கட்டம் இருக்குதுங்க, 'கடைசியாகத் தொட்டவர்'னு. அந்தக் கட்டத்தை நான் காலியா விட்டதே கிடையாது. மில்லு முழுக்க எனக்கு 'யாரு தொட்டது'ன்னே பட்டப்பேரு. எனக்கு அது பெருமைங்க. நெம்பப் பெருமை.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு, மைதிலி. ஆவணில கல்யாணம் பண்ணிக் குடுத்தேன். மாப்பிள்ளை பேரு தரணிதரன். மாட்டு டாக்டரு. தங்கமான மனுசன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பேசாத மாட்டுக்கு வைத்தியம் பாத்துப் பாத்து அவரும் பேசறதில்லையோன்னு நானே ஒருக்காச் சொன்னேன். அதுக்கும் ஒரு சிரிப்புத்தான்.

ஆயுதபூசைக்கு ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. கல்யாணத்துக்கப்பறம் வர்ற மொத விசேசம். நமக்கு ஆயுதபூசைன்னா சும்மா இல்லீங்க. டெஸ்டரு, ஸ்க்ரூடிரைவரு, கட்டிங் பிளேயரு, மீட்டரு எல்லாத்தையும் கழுவித் துடைச்சு, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு வரிசையா அடுக்கிருவேன். அப்பறம் காரு. காருக்கு நாந்தான் பூசை போடுவேன், வேற ஒருத்தரையும் கிட்ட விடமாட்டேன். ஸ்டியரிங்குக்குப் பொட்டு, கியருக்குப் பொட்டு, ஏசி சுவிட்சுக்குப் பொட்டு, ரேடியோவுக்குப் பொட்டு. பொட்டு வெக்காத சுவிட்சே இருக்காது. மோதிர விரல்ல சந்தனத்தை எடுத்து அழுத்தி வெக்கணும். லேசா வெச்சா காஞ்சதும் உதிந்துரும். அதுல நான் கெட்டிக்காரன். அந்தக் கார் வாங்கறப்ப ஒரு புத்தகம் குடுத்தாங்க பாருங்க, எந்தச் சுவிட்சு எதுக்குன்னு போட்டிருக்குமே, அதையும் வருசா வருசம் எடுத்து அதுக்கும் ஒரு பொட்டு வெச்சு, சரஸ்வதி பூசைப் புத்தகத்தோட சாமி ரூம்ல வெச்சிருவேன். ஆறு வருசமா வெக்கறேன். படிச்சதில்லீங்க. எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் எதுக்குங்க அதையெல்லாம் படிக்கோணும்?

மறுநாள் விசயதசமி. மாப்பிள்ளையும் பொண்ணும் காரை எடுத்துட்டு ஆனைமலை கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்க. காலைல எட்டு மணிக்குப் போனாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு வந்துட்டாங்க. வண்டி வந்ததும் நான் ஒரு சுத்துச் சுத்திப் பாத்தேன். சும்மாதான். மாப்பிள்ளை அதக் கவனிச்சாரு. கவனிச்சதை நானும் கவனிச்சேன்.

ஆறே கால் இருக்கும், அவங்கள உக்கடம் பஸ் ஸ்டேண்டுல விடறதுக்குக் கூட்டிட்டுப் போனேன். ருக்குமணி, அதுதான் என்ற வீட்டுக்காரி, அவ முன்னால உக்காந்தா. புள்ளையும் மாப்பிள்ளையும் பின்னால. இருட்டிட்டு வருதேன்னு லைட்டைப் போட்டேன். ரோட்டுல வெளிச்சம் விழுகுது. ஆனா உள்ள டேஷ்போர்டு கும்முனு இருட்டு. ஸ்பீடு எவ்வளவுன்னு தெரியல, பெட்ரோல் எவ்வளவுன்னு தெரியல. ஒரு லைட்டு இல்ல. முந்தாநாள் பொரிகடலை வாங்கப் போறப்ப அத்தனையும் எரிஞ்சுதுங்க!

என்ற வாய் இருக்குதே, அதுக்கு நான் ஃபோர்மேன் இல்லீங்க, அதுதான் எனக்கு ஃபோர்மேன். அதுபாட்டுக்குக் கேட்டுருச்சு.

"கடைசியாத் தொட்டது யாரு?"

ருக்குமணி என்னத் திரும்பிப் பாத்தா. நான் கண்ணாடில பின்னால பாத்தேன். மாப்பிள்ளை மடியில இருந்த பைய நேராப் புடிச்சுட்டு, "நான் லைட்டே போடலைங்க மாமா. பகல்லயே வந்துட்டமுங்க"ன்னாரு.

"நான் உங்களைச் சொன்னனுங்களா மாப்பிள்ளை? பொதுவாக் கேட்டேன்"னேன்.

பொதுவாவாம்! காருக்குள்ள இருக்கறது நாலு பேரு. அதுல ரெண்டு பேருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மிச்சம் ரெண்டு பேருல ஒருத்தன் கேள்வி கேக்கறான். அப்ப அது பொதுவாக் கேட்டதா? நீங்களே சொல்லுங்க. ஆனா அன்னிக்கு எனக்கு அது பொதுவாத்தான் பட்டுது. அதோட விட்டனா? "செல்போனுக்குச் சார்ஜர் கீர்ஜர் போட்டீங்களா?"ன்னேன். "போட்டனுங்க மாமா"ன்னாரு. "அஹ"ன்னேன். அந்த 'அஹ'வுலயே எல்லாம் இருந்துது. பஸ் ஏறுறப்ப மாப்பிள்ளை "போயிட்டு வர்றனுங்க மாமா"ன்னாரு. புள்ள அவங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டு ஏறிட்டா.

மறுநாள் காலைல இருந்து வேலைய ஆரம்பிச்சேன். பின்னால எரியற பார்க் லைட்டுக்கும் டேஷ்போர்டு லைட்டுக்கும் ஒரே ஃபியூசு. பின்னால செவப்பு லைட்டு எரியுது. அப்ப ஃபியூசு நல்லாருக்குது. சரி, பல்பு போயிருக்குமா? எல்லா பல்பும் ஒரே நாள்ல பேசி வெச்சுட்டா போகும்? அப்ப நடுவுல எங்கியோ ஒயரு கருகியிருக்குது. எதனால கருகும்? சார்ஜர். பாருங்க, எவ்வளவு அழகா வருது! யாரு தொட்டதுன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டா கோளாறு தானா வந்து அந்த எடத்துல உக்காந்துக்குமுங்க.

ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்டக் கொண்டு போனேன். அவரு பாவம், "வண்டிய விட்டுட்டுப் போங்கண்ணா, பாத்து வெக்கறேன்"னாரு. நான் விடுவனா? பக்கத்துலயே நின்னு எர்த்துன்னா என்ன, ரிட்டர்ன் கரண்டுன்னா என்னன்னு வகுப்பெடுத்தேன். அவரு உள்ள உக்காந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல ரெண்டு சின்னச் சக்கரம் இருக்குது பாருங்க, சுவிட்சு வரிசைல பாதி வெளிய தெரியற மாதிரி, அதுமேல கைய வெச்சாரு. "அங்கென்ன பண்றீங்க? அது ஹெட்லைட்ட மேல கீழ பண்றது. ஒயரு கீழ இருக்குது, கீழ பாருங்க"ன்னு அவரு கையப் புடிச்சே இழுத்து உட்டுட்டேன். அவரு எந்திரிச்சு வெளிய வந்து, "எல்லாம் உங்களுக்கே தெரியுதுங்கண்ணா, நீங்களே பாத்துக்கங்க"ன்னுட்டு வேற வண்டிக்குப் போயிட்டாரு. என்ற அறிவுக்குப் பயந்துட்டாருன்னு நினைச்சுட்டேன் நானு.

அன்னிக்கே மாப்பிள்ளைக்கு வாட்ஸப்புல ஒரு மெசேஜ் போட்டேன். சண்டைக்கு இல்லீங்க, விவரத்துக்காக. நம்பர் போட்டு ஒம்பது கேள்வி. ஒண்ணு, சார்ஜர் எந்த ஊர்ல இருந்து எந்த ஊர் வரைக்கும் சொருகியிருந்தது? ரெண்டு, சொருகும்போது பொறி ஏதும் தட்டியதா? மூணு, கருகல் வாசம் வந்ததா? இப்படியே போகும். ஒம்பதாவது கேள்வி, மில்லு விசாரணைல எப்பவும் கடைசியாக் கேக்கறது, கை பழக்கத்துல எழுதிட்டேன்: 'தாங்கள் வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?'

கட்டுன பொண்ணோட அப்பன், கல்யாணமாகி ரெண்டு மாசம் ஆகாத மாப்பிள்ளைக்கு இதை அனுப்புனேன். நம்ப முடியுதுங்களா? எனக்கே முடியல.

அவரு ஒம்பதுக்கும் பதில் போட்டாருங்க. ஒண்ணொண்ணுக்கும் 'ங்க' போட்டு மரியாதையா. பொறி தட்டலைங்க. வாசம் வரலைங்க. ஒம்பதாவதுக்கு மட்டும் கொஞ்ச நேரங்கழிச்சுப் பதில் வந்துது. 'என்னாலதான் ஆகியிருக்கும் மாமா. மன்னிச்சிருங்க.'

நான் என்ன பண்ணியிருக்கணும்? ஒரு மனுசன் செய்யாத தப்பை, மாமனார் வாய் ஓயட்டுமேன்னு தலைல ஏத்துக்கறாரேன்னு கொஞ்சமாச்சும் உறுத்தியிருக்கணுமில்ல? எனக்கு உறுத்தல. துள்ளிக் குதிச்சு அடுப்படிக்கு ஓடுனேன். "ருக்குமணி, பாத்தியா, ஒத்துக்கிட்டாரு!"ன்னு போனை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். அவ படிச்சா. போனைத் திருப்பிக் குடுத்தா. அன்னிக்கு இட்லிக்குச் சட்னி வரலீங்க. வெறும் பொடி. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருசமாச்சு. வெறும் பொடி வந்தது அதையும் சேத்து ரெண்டே தடவைதான்.

அப்பறம் நாலு நாள் கழிச்சுப் புள்ள போன் பண்ணுனா. எனக்கில்ல, அவங்கம்மாவுக்கு. தீபாவளிக்கு அவருக்கு ஆஸ்பத்திரில டூட்டியாம், வர முடியாதாம். அவரு வராம அவளும் வரமாட்டாளாம். மாட்டாஸ்பத்திரில தீபாவளிக்கு என்னங்க டூட்டி? நான் போனைப் புடுங்கி, "ஏஞ்சாமி, தலைத்தீபாவளி, ஊரு என்ன சொல்லும்"னேன். "ஊரு ஒண்ணும் சொல்லாதுப்பா. ஊரு யாரையும் காருக்குள்ள வெச்சு விசாரிக்காது"ன்னு வெச்சுட்டா.

மறைச்சு என்ன ஆகப் போகுது, பயந்துட்டேன். ஒரே புள்ளைங்க. இந்த வருசம் வரலைன்னா அப்பறம் பொங்கலுக்கு வருவாங்களா? அப்படியே பழகிருமில்ல? ஆனா அந்தப் பயத்துலயும் எனக்கு என்ன புத்தி போச்சுங்கறீங்க? லைட்டைச் சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிரும்னு தோணுச்சு. ஒயர் எங்க கருகியிருக்குதுன்னு கண்டுபுடிச்சு, போட்டோ எடுத்து அனுப்பி, 'பரவாயில்லீங்க மாப்பிள்ளை, இதான் நடந்துது, நான் மன்னிச்சுட்டேன்'னு பெருந்தன்மையாச் சொல்லிரலாம். நான் மன்னிக்கறதாம்! அவரை!

அதுக்கு அந்தச் சின்ன லைட்டு எரியுதா இல்லையான்னு பாக்கறதுக்கு இருட்டு வேணுமில்ல. பொழுது சாயற வரைக்கும் காத்திருக்கப் பொறுமையில்ல. பகல்ல ரெண்டு மணிக்கு, ஒரு கம்பளிய எடுத்துத் தலையோட போத்திக்கிட்டு, டேஷ்போர்டையும் சேத்து மூடிக்கிட்டு, லைட்டு சுவிட்சைப் போட்டுட்டு, மீட்டரைக் கைல வெச்சுட்டு உள்ள உக்காந்துக்குவேன். தினமும். ஐப்பசி மாசந்தான், ஆனாலும் கம்பளிக்குள்ள வெந்து போயிரும். அஞ்சாம் நாளு எதுத்த வீட்டு லட்சுமண ராஜு சார் வந்து கண்ணாடியத் தட்டுனாரு. கம்பளிய விலக்குனேன். அவரு மெதுவா, "வீட்ல ஏதாச்சும் மனஸ்தாபமுங்களா? எங்க மாடி ரூம் காலியாத்தான் இருக்குது. கூச்சப்படாம வந்து படுத்துக்கங்க"ன்னாரு. நான் காருக்குள்ளயே குடித்தனம் பண்றேன்னு தெருவே முடிவு கட்டியிருக்குதுங்க!

முந்தாநாள்தான் அது நடந்துது. தீபாவளிக்காக ருக்குமணி சாமி ரூமைச் சுத்தம் பண்ணிட்டிருந்தா. நான் வழக்கம்போல கம்பளிக்குள்ள. திடீர்னு அந்தப் பக்கக் கதவு தொறந்துது. ருக்குமணி வந்து பக்கத்து சீட்டுல உக்காந்தா. கைல அந்தக் காரு புத்தகம். சரஸ்வதி பூசைக்கு நான் வெச்சது சாமி ரூம்லயே இருந்திருக்குது. பொட்டைத் துடைச்சுட்டுப் புரட்டியிருக்கறா. அவளுக்கு அவ்வளவா இங்கிலீசு வராது, படம் பாத்திருக்கறா.

"ஏனுங்க, இந்தப் படத்துல ஒரு சக்கரம் போட்டு, பக்கத்துல இந்த ஸ்பீடு மீட்டரு போட்டு, வெளிச்சம் வர்ற மாதிரி கோடு போட்டிருக்குதுங்களே. இது எங்க இருக்குது?"

"அது ஹெட்லைட்டை மேல கீழ பண்றது அம்மிணி. உனக்கு இதெல்லாம் தெரியாது."

"அது இந்தச் சக்கரமுங்க. இதுல ஹெட்லைட்டு படம் இருக்குது. நான் கேக்கறது அதுக்குப் பக்கத்துல இருக்கற சக்கரத்தை."

பக்கத்துல ஒரு சக்கரம் இருக்குதுங்கறது எனக்குத் தெரியும். ஆறு வருசமாத் தெரியும். அதுவும் ஹெட்லைட்டுதான், ஒண்ணு இடது பக்கத்துக்கு, ஒண்ணு வலது பக்கத்துக்குன்னு நானா நினைச்சுட்டிருந்தேன். யாரையும் கேட்டதில்ல. யாரைக் கேக்கறது, கேக்கற ஆளே நானு!

அவ சொன்னது தப்புன்னு காட்டறதுக்குத்தானுங்க, சத்தியமா அதுக்குத்தான், கம்பளிய அவளுக்கும் சேத்து இழுத்து மூடிட்டு, கட்டை விரலை அந்தச் சக்கரத்து மேல வெச்சு மேல உருட்டுனேன். "பாரு, ஒண்ணும் ஆகா..."

கம்பளிக்குள்ள வெளிச்சம் வந்துது. மெதுவா. மொதல்ல ஸ்பீடு மீட்டரு நம்பரு மங்கலாத் தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் உருட்டுனேன், பெட்ரோல் முள்ளு தெரிஞ்சுது. முழுக்க உருட்டுனதும் எல்லாம் பளிச்சுனு எரிஞ்சுது. அதோட அந்தச் சக்கரத்துக்கு அடில இருந்து, காஞ்சு வெடிச்ச சந்தனப் பொட்டு ஒண்ணு, நடுவுல குங்குமத்தோட, உருண்டு மேல வந்து நின்னுது. என்ற மோதிர விரல் ரேகை அதுல அப்படியே பதிஞ்சிருக்குது.

விளங்குச்சுங்களா? ஆயுதபூசை அன்னிக்கு நான் பொட்டு வெக்கறேன்னு அழுத்துன அழுத்துல அந்தச் சக்கரம் கீழ உருண்டு, வெளிச்சம் சுத்தமாக் கொறைஞ்சு போச்சு. பொட்டும் உள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. மறுநாள் மாப்பிள்ளை பகல்ல போயிட்டுப் பகல்ல வந்தாரு. அவரு சொன்னது அத்தனையும் நெசம். அவரு லைட்டே போடல. நான் பூசை போட்டதை ஒரு தொடறதாவே நினைக்கலீங்க. பூசைங்க அது! சாமி காரியத்துல கோளாறு வரும்னு யாரு கண்டா?

ருக்குமணி அந்தப் பொட்டைப் பாத்தா. கம்பளிக்குள்ள ரெண்டு பேரும் உக்காந்திருக்கறோம், டேஷ்போர்டு வெளிச்சம் அவ மூஞ்சில அடிக்குது. அவ கத்தல, திட்டல. மெதுவாத்தான் கேட்டா.

"கடைசியாத் தொட்டது யாருங்க?"

முப்பத்திரண்டு வருசத்துல எத்தனை பேருகிட்ட நான் அந்தக் கேள்வியக் கேட்டிருப்பேன். என்னை ஒருத்தரும் கேட்டதில்லீங்க. கேட்டா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பதில் தெரியும், ஆனா கட்டை விரலால அந்தப் பொட்டை மூடிக்கிட்டேன். அப்பத்தான் விசயதசமி சாயங்காலம் கண்ணாடில பாத்த மாப்பிள்ளை மூஞ்சி ஞாபகம் வந்துது. மில்லுல முந்தானையத் திருகிட்டு நின்ன பொண்ணுக மூஞ்சியும் அப்படித்தானுங்க இருக்கும். அத்தனை மோட்டாருலயும் நானும் கை வெச்சவந்தான். கிரீசு போட்டேன், மூடியத் தொறந்து பாத்தேன், ஒயரை முறுக்குனேன். எத்தனை தடவை கடைசியாத் தொட்டது நானா இருந்திருக்கும்? அந்தக் கட்டத்துல என்ற பேரு ஒரு தடவை கூட வந்ததில்ல. எப்படி வரும்? எழுதுனவன் நானு. அந்தப் பொண்ணுகளுக்கு இப்ப என்னத்தச் சொல்றது? வெக்கமா இருக்குதுங்க.

"மாப்பிள்ளைக்குப் போன் போடட்டுமா?"ன்னேன். "போனுல ஒம்பது கேள்வி கேட்டது போதும். நேர்ல போங்க"ன்னா. "சரி, நாளான்னிக்குக் காலைல ரெண்டு பேரும் காருல..."ன்னு இழுத்தேன். "காருல போனீங்கன்னா காரைக் காட்டுவீங்க. சக்கரத்தை உருட்டிக் காட்டுவீங்க, அதுக்கு ஒரு வகுப்பெடுப்பீங்க. பஸ்ல போங்க. தனியாப் போங்க. நான் வந்தா உங்களுக்குப் பதிலா நான் பேசிருவேன்"னா. இதான் நான் பஸ்ல வந்த கதை.

நேத்து முழுக்க உக்காந்து எழுதுனேன். பேச வராதவன் எழுதியாச்சும் குடுக்கலாமில்ல? இந்தாங்க, பாருங்க. மில்லு ரிப்போர்ட்டு மாதிரியே கோடு போட்டிருக்கறேன். இது நாலாவது. மொதல் ரிப்போர்ட்டுல, காரணம்னு இருக்கற எடத்துல, 'சக்கரம் பொருத்தப்பட்ட இடம் சரியில்லை'ன்னு எழுதியிருந்தேன். ருக்குமணி படிச்சுட்டுக் கிழிச்சுட்டா. ரெண்டாவதுல, 'சந்தனம் கெட்டியாக இருந்தது'ன்னு எழுதுனேன். சந்தனம் கரைச்சது ருக்குமணி. அதையும் கிழிச்சுட்டா. மூணாவதை நானே கிழிச்சேன். அதுல அந்த எலக்ட்ரீசியன் பேரு வந்துருச்சு. இதுலதான் ஒழுங்கா வந்திருக்குது. இந்தக் கட்டத்தைப் படிங்க. 'கடைசியாகத் தொட்டவர்: ஆ. சென்னியப்பன், ஃபோர்மேன் (ஓய்வு).' அந்தக் கட்டத்துல என்ற பேரை எழுதிப் பழக்கமில்லீங்க. கோணலா இருக்குது பாருங்க.

இதக் குடுத்தா அவரு படிச்சுட்டு என்ன சொல்லுவாருங்கறீங்க? 'பரவாயில்லீங்க மாமா'ம்பாரு. அவரு அப்படித்தான் சொல்லுவாரு. அந்தப் பரவாயில்லைல இருந்து அவரை எப்படி வெளிய கொண்டு வர்றதுன்னுதான் எனக்கு யோசனை. டூட்டின்னு சொன்னவரு டூட்டின்னே சொல்லிட்டாருன்னா, இந்தப் பெட்டியத் திருப்பித் தூக்கிட்டு எப்படிங்க வீட்டுக்குப் போவேன்? புள்ள மூஞ்சியப் பாக்காம ஒரு தீபாவளி.

இந்த டிரைவரைப் பாருங்க. அவருக்கு முன்னால இருக்கற மீட்டருல ஒரு முள்ளு கூட அசையல. லைட்டு இருக்கற எடத்துல ஓட்டைதான் இருக்குது. கடைசியாத் தொட்டது யாருன்னு அவரு யாரையாவது கேட்டாரா? நிம்மதியா ஓட்டிட்டு வந்துட்டாரு.

அட, உடுமலை வந்துருச்சா? அதுக்குள்ளயா? பொள்ளாச்சி எப்ப போச்சு? கொஞ்சம் காலை எடுத்துக்கங்க, பெட்டிய வெளிய எடுக்கறேன். ஆமா, அதிரச டப்பா, அதையும் குடுங்க. ஏனுங்க, அந்தக் கடைக்குப் பக்கத்துல நீலச் சட்டை போட்டுட்டு பைக்கோட நிக்கறாரே... அவருதானுங்க. மாப்பிள்ளைதான். நான் வர்றேன்னு அவருகிட்டச் சொல்லவே இல்லையே! ருக்குமணி போன் போட்டிருப்பா. ரெண்டு ஹெல்மெட்டு வெச்சிருக்காருங்க பாருங்க. ஒண்ணு எனக்குத்தான் போலருக்குது. டூட்டி நேரத்துல வந்து நிக்கறாரு மனுசன்.

கண்டக்டர், ஒரு நிமிசமுங்க, எறங்கணும், பெரிய பெட்டி!

என்னதுங்க? பேப்பரா? வேண்டாமுங்க, அத நீங்களே வெச்சுக்கங்க. இல்லாட்டிக் கிழிச்சுப் போட்டுருங்க. அதக் குடுத்தா அதுவும் ஒரு விசாரணை மாதிரிதான் ஆயிரும். வாயிலயே சொல்லிக்கறேன். உங்ககிட்ட இவ்வளவு சொன்ன வாயி, அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லாதா? வர்றனுங்க. நல்லாருங்க.

இல்லீங்க மாப்பிள்ளை, இருக்கட்டும், பெட்டி கனமில்ல. அப்பறம் வாங்கிக்கங்க. கைய எடுங்க மாப்பிள்ளை, மொதல்ல நான் ஒண்ணு சொல்லோணும். இல்ல, வீட்டுக்குப் போய் இல்ல, இங்கயே. கடைசியாத் தொட்டது நாந்தானுங்க.